விடுப்புக் கடிதங்கள் நீங்கலாக

வக்கீல் என்றதும் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி "எந்தக் கோர்ட்டுல?" என்பதுதான். அவளிடம் அதற்குப் பதில் கிடையாது. வக்கீலாகப் பதிவு செய்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் நீதிமன்றத்தில் எழுந்து நின்று அவள் பேசியது மொத்தம் இரண்டே பேச்சு. ஒன்று, "சீனியர் வந்துகொண்டிருக்கிறார், ஐந்து நிமிஷம் அவகாசம் வேண்டும்." இன்னொன்று, "நன்றி." இரண்டாவதை நீதிபதி கேட்டிருக்கக்கூட மாட்டார், அதற்குள் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துவிட்டார்.

அவளுடைய அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில், "எம் பொண்ணு எழுந்து நின்னா எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தொண்டை வறண்டு போயிடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். மறுத்து மறுத்து அலுத்துப்போய் அவளும் விட்டுவிட்டாள். வயதான காலத்தில் அம்மாவுக்கு இருந்த ஒரே பெருமை அது, அதில் போய் ஏன் மண்ணைப் போட வேண்டும்.

அவள் பார்த்த உத்தியோகம் படிப்பது. ஒரு கம்பெனி மேல் யாராவது வழக்குப் போட்டால், "இந்த விஷயமாக உன்னிடம் இருக்கிற கடிதம், மெயில், போன் செய்தி எல்லாவற்றையும் எதிராளிக்குக் கொடு" என்று நீதிமன்றம் சொல்லும். கம்பெனியிடம் இருப்பதோ லட்சக்கணக்கில். கொடுக்க வேண்டியது எது, வேண்டாதது எது, வக்கீலும் கட்சிக்காரரும் தங்களுக்குள் பேசிக்கொண்ட ரகசியம் எது என்று யாராவது உட்கார்ந்து படித்துப் பிரிக்க வேண்டும். ஐந்தாம் மாடியில் ஒரு நீள அறை. பன்னிரண்டு மேஜை, மேஜைக்கு இரண்டு திரை, திறக்க முடியாத ஜன்னல், யார் சொன்னாலும் குறையாத ஏசி. விசைப்பலகையில் ஒன்றை அழுத்தினால் 'கொடு'. இரண்டை அழுத்தினால் 'வேண்டாம்'. மூன்று 'ரகசியம்'. இப்படி ஒன்று இரண்டு மூன்று என்று பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி எண்ணியே ஒரு படித்த பெண்ணின் வாலிபம் போய்விட்டது.

சேர்ந்த புதிதில் அலுவலகத்தின் தலைவர், எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், அவளை அழைத்துச் சொன்னார்: "உன் குரல் மூணாவது வரிசைக்கு எட்டாதும்மா. ஆனா உன் கண்ணு இருக்கே, அது யாருக்கும் வராது. கொஞ்ச நாள் மேல உக்காந்து படி. அப்புறம் பாத்துக்கலாம்." அந்தக் கொஞ்ச நாள்தான் இருபத்திரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. அவளோடு சேர்ந்த மூன்று ஆண் வக்கீல்கள் பங்குதாரர்களாகி, கீழே வரவேற்பறைப் பலகையில் பெயராகத் தொங்குகிறார்கள். அதில் ஒருவருக்கு இன்றைக்கும் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இவள்தான் போனில் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் பெரியவர், "அடுத்த தடவை பாப்போம்மா" என்பார். இவளும் "சரிங்க சார்" என்பாள். இலவு காத்த கிளி என்று சும்மாவா சொன்னார்கள்.

முன்பெல்லாம் அந்த அறையில் எல்லாவற்றையும் மனிதர்களே படித்தார்கள். பிறகு மெஷின் வந்தது. மெஷின் என்றால் பெரிய இரும்பு சாமான் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு மென்பொருள். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வந்தார். வழுக்கைத் தலை, வாய் நிறைய கேலி. மெஷின்காரர் என்றே அவருக்குப் பெயர். அவர்தான் விளக்கினார்: "நீங்க ஒரு ரெண்டாயிரம் படிச்சு, இது வேணும், இது வேண்டாம்னு அதுக்குச் சொல்லிக் குடுங்க மேடம். மிச்சம் நாலு லட்சத்தையும் அது உங்கள மாதிரியே பிரிச்சு, வேணுங்கறது மேல, வேண்டாதது கீழன்னு நடுவுல ஒரு கோடு போட்டு வைக்கும். கோட்டுக்கு மேல இருக்கறத மனுஷங்க ஒரு தடவை பாக்கணும். கோட்டுக்குக் கீழ இருக்கறத யாரும் தொட வேண்டாம்."

அந்த 'உங்கள மாதிரியே' என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஊழியர்கள் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் தங்கினாள். மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் அவள்தான் என்று முடிவானது. மெஷின்காரர் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர் வைத்தார். "சல்லடை மேடம் ஒரு தடவை சலிச்சா முடிஞ்சுது, மாவுல ஒரு உமி தங்காது" என்பார். அந்தப் பெயர் மாடி மாடியாகப் பரவிப் பெரியவர் காதுக்கும் போயிற்று. அவளுக்குக் கோபமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. தன் வேலையை ஒருத்தராவது கவனித்துப் பெயர் வைத்திருக்கிறாரே.

வீட்டில் இதெல்லாம் பேச முடியாது. படித்தது எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது தொழிலின் முதல் சட்டம். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் வந்ததும் வகுப்பில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். பிறகு, "உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?" என்பார். "ஒண்ணும் இல்லைங்க" என்பாள். கல்யாணமான புதிதில் அவர் அதைக் கோபம் என்று நினைத்தார். அப்புறம் அழுத்தம் என்று நினைத்தார். கடைசியில், இவளுக்கு நிஜமாகவே ஒன்றும் நடப்பதில்லை போலிருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். எத்தனை மேலாளர்களின் கள்ளக் காதல், எத்தனை டைரக்டர்களின் மருத்துவ அறிக்கை அவள் கண் வழியாகப் போயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் இரண்டாம் எண்.

அப்புறம்தான் அந்தத் தொழிற்சாலை கேஸ் வந்தது.

சாயத் தொழிற்சாலை. கழிவுநீர் போய் விழுகிற பெரிய தொட்டி ஒன்று அங்கே இருந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வார்கள். ஒருநாள் இறங்கின தொழிலாளி ஒருவர் விஷவாயுவில் மயங்கி அங்கேயே செத்துப்போனார். அவருடைய மனைவி வழக்குப் போட்டாள். பெரியவரின் கட்சிக்காரரான கம்பெனி சொன்ன பதில் இரண்டு வரிதான். தொட்டியைப் பற்றி அதற்கு முன் எந்தத் தொழிலாளியும் புகார் சொன்னதில்லை. இறந்தவரை யாரும் போகச் சொல்லவில்லை, கூடுதல் வேலைப் படிக்கு ஆசைப்பட்டுத் தன் விருப்பத்தின் பேரில் போனார். கேஸ் முழுக்க இந்த இரண்டு வரியில்தான் நின்றது. ஒரே ஒரு புகார்க் காகிதம், ஒரே ஒரு 'நான் போகமாட்டேன்' கிடைத்தால் கம்பெனி கவிழ்ந்துவிடும்.

தொட்டி சம்பந்தமான எல்லாக் காகிதத்தையும் கொடு என்றது நீதிமன்றம். எதைத் தேடுவது, எதை விடுவது என்று இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒரு விதிப்பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பட்டியலை எழுதுவது சல்லடையின் வேலை. எழுதுவது என்ன எழுதுவது. முந்தைய வருஷம் ஒரு வங்கி கேஸுக்கு எழுதினதை எடுத்து, வங்கி என்று இருந்த இடத்தில் தொழிற்சாலை என்று மாற்றினாள். அதில் ஏழாவது விதி, 'ஊழியர்களின் விடுப்புக் கடிதங்கள் நீங்கலாக'. வங்கியில் அது நியாயமான விதி. யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிரசவம் என்பதெல்லாம் கடன் மோசடிக்கு எதற்கு? விதி அப்படியே இடம்மாறி வந்து தொழிற்சாலைப் பட்டியலில் உட்கார்ந்துகொண்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் தனி ஆள். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறையில் அலுவலகம், உதவிக்கு யாரும் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார்.

"இந்த ஏழாவது மட்டும் எதுக்கு மேடம்? எல்லாத்தையும் குடுத்துடுங்களேன்."

"சார், விடுப்புக் கடிதம் மட்டும் பதினாலாயிரம் இருக்கு. தலைவலி, காய்ச்சல், வீட்டுல விசேஷம். உங்களுக்குத்தான் படிக்க நேரம் வீண். தொட்டியப் பத்தி அதுல யார் சார் எழுதப் போறாங்க?"

"அதுவும் சரிதான். உங்களப் பத்தி நல்லபடியா கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்று அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவரை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் சத்தியமாக அவளுக்கு இல்லை. உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டாயிரம் காகிதத்தை ஒன்பது நாளில் படித்தாள். நடுநடுவே விடுப்புக் கடிதங்கள் வந்தன. தலைப்பில் 'விடுப்பு' என்று கண்டதுமே இரண்டாம் எண். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எதற்குப் பார்ப்பது, விதி இருக்கிறதே. மெஷின் கெட்டிக்கார மாணவன், எள் என்றால் எண்ணெயாக நின்றது. பதினாலாயிரம் விடுப்புக் கடிதத்தையும் வாரிக் கோட்டுக்குக் கீழே தள்ளியது. கடைசியில், தகுந்த முறையில் தேடிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். கம்பெனி சொன்னது சரியாகத்தான் இருந்தது. புகார் என்று ஒரு காகிதம்கூட இல்லை.

விசாரணை நெருங்குகிற சமயத்தில் பெரியவர் கூப்பிட்டார். "நீதிபதிக்குக் காட்ட ஒரு படம் போட்டுக் குடும்மா. நாள்வாரியா எவ்வளவு கடிதம் போயிருக்கு, அதுல தொட்டியப் பத்திப் புகார் பூஜ்யம். பார்த்த உடனே புரியணும்." வார்த்தையில் சொன்னால் தூங்கிவிடுகிற நீதிபதிகள் வண்ணக் கோடு போட்டுக் காட்டினால் நிமிர்ந்து உட்காருவார்கள். சல்லடை மெஷின்காரரிடம் சொன்னாள். அவர் கோட்டுக்கு மேலே உள்ளது, கீழே உள்ளது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வகைக்கு ஒரு நிறமாகப் போட்டு அனுப்பிவிட்டார்.

புகார் வகை தரையோடு தரையாகக் கிடந்தது. மேலே பச்சை நிறத்தில் ஒரு கோடு மட்டும் சும்மா இருந்து இருந்து சட்டென்று எழும்பியது. மறுபடி படுத்தது. மறுபடி எழும்பியது. என்ன வகை என்று பார்த்தாள். விடுப்பு. எழும்பிய நாட்களை ஒரு தாளில் எழுதினாள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை, நூல் பிடித்த மாதிரி. தொட்டி சுத்தம் செய்த தேதிகளின் பதிவேடு அவளிடமே இருந்தது; அதைத்தான் முதல் வாரமே எதிர்த்தரப்புக்குக் கொடுத்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வதற்கு முந்தின நாள்.

வேறு எந்த வேலையும் தொடாமல் அந்தக் கடிதங்களைப் படித்தாள். இந்த முறை உள்ளே திறந்து படித்தாள். இருபத்துநாலு பேர் கொண்ட ஷிப்டில் பத்தொன்பது பேர் ஒரே நாளில் விடுப்புக் கேட்டிருந்தார்கள். ஒருத்தருக்குத் தலைவலி. ஒருத்தருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருத்தருடைய மச்சான் ஒரே வருஷத்தில் நான்கு தடவை செத்திருந்தார். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது. தொட்டி என்ற வார்த்தை ஒன்றில்கூட இல்லை. தொட்டியைப் பற்றி வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. புகார் சொல்ல வழியில்லாதவர்கள் மச்சானைச் சாகடித்தார்கள். அந்த ஆலையில் இருந்த புகார்களெல்லாம் இந்தப் பதினாலாயிரத்துக்குள்தான் கிடந்தன. அவளுடைய ஏழாவது விதி அவற்றை மூட்டையாகக் கட்டி வெளியே போட்டுவிட்டது.

இறந்தவரின் பெயரைத் தேடினாள். அவர் செத்ததற்கு முந்தின நாள், மத்தியானம் மூன்று நாற்பதுக்கு மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தி. தலைப்பு, விடுப்பு. 'போன தடவை மூணு நாள் எழுந்திரிக்க முடியல சார். நாளைக்கு ஒருநாள் மட்டும் விட்டுடுங்க. என்னால முடியாது.' அடுத்த நிமிஷமே பதில் வந்திருந்தது. 'ஆள் இல்லை. வரவும்.'

திரையின் வலது ஓரத்தில், ஒவ்வொரு காகிதத்தையும் யார், எப்போது, எத்தனை நேரம் பார்த்தார்கள் என்று மெஷின் குறித்து வைத்திருக்கும். இதற்கும் குறித்திருந்தது. மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டாயிரத்தில் இதுவும் ஒன்று. பார்த்தவர், அவள். முடிவு, வேண்டாம். பார்த்த நேரம், இரண்டு வினாடி.

வெட்கமாக இருந்தது. பயம், துக்கம் என்று பெரிய வார்த்தையெல்லாம் பிறகு வரும். முதலில் வந்தது வெட்கம். கண் நல்ல கண் என்று சொல்லியே அந்த அறையில் பூட்டி வைத்தார்கள், அந்தக் கண் பார்த்த லட்சணம் இது.

தாளை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனாள். அவர் நிதானமாகப் பார்த்தார். பச்சைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏழாவது விதி யார் எழுதினது?"

"நான்தான் சார். தப்பா எழுதிட்டேன்."

"தப்பு எங்கம்மா இருக்கு? ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. விடுப்புக் கடிதம் வேண்டாம்னு அவரே ஒத்துக்கிட்டிருக்கார். கேக்காதத நாம எதுக்குக் குடுக்கணும்?"

"அவருக்குத் தெரியாது சார். நான் சொன்னத நம்பிக் கையெழுத்துப் போட்டார்."

"வக்கீல்னா படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். அது அவர் தலையெழுத்து." பெரியவர் குரலை உயர்த்தவில்லை. அவர் என்றைக்குமே உயர்த்தினதில்லை. "கட்சிக்காரர்கிட்ட கேக்கறேன். அவங்க சரின்னா குடுத்துடலாம். அவங்க வேண்டாம்னா, நீ வெளிய ஒரு வார்த்தை சொன்னாலும் உன் பதிவு போயிடும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். கட்சிக்காரர் ரகசியத்தை வெளியே விட்ட வக்கீலுக்கு அடுத்த நாள் வக்கீல் என்ற பெயர் இருக்காது. இரண்டு நாள் கழித்துக் கட்சிக்காரர் பதில் வந்தது. வேண்டாம் என்றார்கள். வேறென்ன சொல்வார்கள், வலியப் போய்த் தூக்குக்கயிற்றில் தலையைக் கொடுக்கிறவர்கள் யார். பெரியவர் அவளைச் சமாதானப்படுத்தினார். "விசாரணை வரைக்கும் போக வேண்டாம், பேசி முடிச்சுக்கலாம்னு சொல்லியிருக்கேன். அந்தம்மாவுக்கும் ஏதோ கிடைக்கும். உன் மனசுல இருக்கறத எழுத்துல குடு, பைல்ல வெச்சுக்கறேன்." வாசல்வரை போனவளை நிறுத்தி, "இந்த கேஸ் முடியட்டும்மா. பலகைய மாத்தச் சொல்லிட்டேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தாள். நான்கு பக்கம், தன் வாழ்நாளில் அவள் எழுதின நல்ல வாதம் அதுதான். தேதி தேதியாக, கடிதம் கடிதமாக, இந்தக் காகிதங்களைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழி வெறும் வார்த்தை ஜாலம் என்று எழுதியிருந்தாள். அம்மா கேட்டிருந்தால், பார்த்தாயா எம் பொண்ணை என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பாள். நான்கு பக்கமும் வழக்கப்படி ஐந்தாம் மாடிக்கு வந்து, பதிவில் ஏறி, திரையில் நின்றது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று வகைப்படுத்த வேண்டியவள் அவள்தான். வக்கீல் கட்சிக்காரருக்காக எழுதின ஆலோசனை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றை அழுத்தினாள். இனி அதை யாரும் எங்கேயும் எந்தக் காலத்திலும் கேட்டு வாங்க முடியாது.

அன்று வீட்டுக்குப் போனபோது கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "ஒருத்தன் வழியெல்லாம் சரியா எழுதிட்டு விடைய மட்டும் அடிச்சுட்டுப் போயிட்டான். என்ன பண்றது இவன?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார்.

சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. "ஒருத்தர் வந்து நம்பிக் கேக்கறாங்க. நமக்குத் தெரியும். ஆனா சொல்லக் கூடாதுன்னா என்ன செய்வீங்க?"

"யாரு என்ன கேட்டாங்க?"

"சொல்லக் கூடாதுங்க."

அவர் சிரித்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. இருபது வருஷமாக ஒன்றுமில்லை என்றே கேட்டுப் பழகினவர். "சரி விடு, சாப்பிடலாம் வா" என்று எழுந்தார். அவளும் சாப்பிட்டாள்.

பதிவு போய்விடும் என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பின்னாளில் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். முழுப் பொய் இல்லை. பயம் இருந்தது. ஆனால் பலகையும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில், இருபத்திரண்டு வருஷம் காத்த பிறகு, அந்தப் பித்தளை எழுத்து வேண்டும் என்றே அவளுக்கு இருந்தது. வேலையை எறிந்துவிட்டு, பதிவு போனால் போகட்டும் என்று மருந்துக்கடை மாடிப்படி ஏறியிருக்கலாம். அந்தத் தெருவில் ஒருநாள் பஸ்ஸைவிட்டு இறங்கவும் செய்தாள். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

பேசி முடித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு வழியில்லை; புகார் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கம்பெனி கொடுக்க ஒத்துக்கொண்டதை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர்தான் அந்தப் பெண்ணைச் சம்மதிக்க வைத்தார். ஒப்பந்தம் தயாரானது. அதன் மூன்றாம் பக்கத்தில், இறந்தவர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் அன்றைய வேலைக்குச் சென்றார் என்பதை மனைவி ஒத்துக்கொள்கிறார் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி இல்லாமல் ஒரு காசு தரமாட்டோம் என்றது கம்பெனி.

கையெழுத்துப் போடுகிற நாள், இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத்தைச் சம்பந்தப்பட்டவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. படிப்பது என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? சல்லடை படித்தாள். மூன்றாம் பக்கத்தையும் படித்தாள், குரல் எங்கேயும் தடுக்கவில்லை. படித்து முடித்ததும், ஒரு திருத்தத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே போனார். அறையில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

"நீங்கதான் எல்லாக் காகிதத்தையும் படிச்சவங்கன்னு எங்க வக்கீல் சொன்னார்" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாங்க."

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? கேஸுக்கு இல்ல. அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே." அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "அன்னைக்குக் காலைல அவர் எந்திரிக்கவே இல்ல. படுத்தே கிடந்தார். என்னன்னு கேட்டா ஒண்ணும் சொல்லல. நான்தான், பொண்ணுக்கு ஸ்கூல்ல கட்டணும், படுத்துக் கிடந்தா ஆகுமா, போய்ட்டு வாங்கன்னு கத்தினேன். எந்திரிச்சுப் போனார். மூணு வருஷமா அதான் மேடம் ஓடிக்கிட்டே இருக்கு. போகப் பிடிக்கலன்னு யார்கிட்டயாவது சொல்லியிருந்தாரா? முடியாதுன்னு எங்கயாவது எழுதியிருந்தாரா? அவரா சொல்லிப் பாத்து அவங்க விடலன்னா... எனக்குத் தெரிஞ்சாப் போதும். வேற எதுவும் வேண்டாம்."

சல்லடைக்கு அந்தச் செய்தி மனப்பாடம். தேதி, மணி, நிமிஷம், 'என்னால முடியாது' வரைக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குக் கேட்கிற அளவு குரல் போதும். கதவு சாத்தியிருந்தது. சொல்லிவிட்டால் அந்தப் பெண் கையெழுத்துப் போடமாட்டாள், எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், தன்னுடையது எல்லாம் அன்றோடு முடியும் என்பதும் தெரிந்தது.

"அப்படி எதுவும் எங்க பார்வைக்கு வரலைங்க" என்றாள்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அப்ப நான் அனுப்பித்தான் போயிருக்கார்" என்றாள்.

வக்கீல் பிரதிகளோடு திரும்பி வந்தார். அந்தப் பெண் பேனாவை வாங்கி, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள், மொத்தம் ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்தில், சாட்சி என்று போட்டிருந்த இடத்தில், சல்லடை தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.